நடந்தே போகும் தூரம்

ஜனவரி 9, வியாழன்

கோபம் வந்தால் கத்தாதீர்கள், ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள் என்றார் டாக்டர். பிரஷருக்கு நல்லதாம். துணிக்கடையில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. எடுத்துவிட்டேன். முதல் நாளே பக்கம் போதாது போலிருக்கிறது.

சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். கூட்டாளி சாகுல் செல்போனைக் கொண்டுவந்து மூக்குக்கு நேராக நீட்டினான்.

"நூஹு, இது ஒன் வீடு மாதிரியில்ல இருக்கு?"

என் வீடுதான். அதாவது நான் இருக்கிற வீடு. முற்றத்தில் என் லுங்கி காய்கிறது, அதுவும் படத்தில் வந்திருக்கிறது. கீழே எழுதியிருந்ததை அப்படியே இங்கே எழுதுகிறேன்: "பழமை மாறாத அழகிய குடும்ப வீடு விற்பனைக்கு. தேக்குத் தூண்கள், நடுமுற்றம், கடல் காற்று. அமைதியான சூழல். பள்ளிவாசல், கடைத்தெரு, பஸ் நிலையம் எல்லாம் நடந்தே போகும் தூரம்."

அமைதியான சூழலாம்! எழுதினவன் இந்த வீட்டில் ஒரு காலைப்பொழுது இருந்து பார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்து மர்யமிடம் கேட்டேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஆமா, விக்கப்போறேன். ஹமீதுட்ட சொல்லிப் போடச் சொன்னேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலியா?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். நீங்க பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க."

பேப்பர் படித்தேனாம். அதற்கு மேல் ஒரு டீயைக் கொண்டுவந்து இடது கையால் நீட்டினாள். இடது கையால்! இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து நாற்பது வருஷம் ஆகிறது, எனக்கு இடது கையால் டீ. வாங்கவில்லை. ஆறிப்போய் ஆடை கட்டியது.

ஜனவரி 10, வெள்ளி

இரவெல்லாம் யோசித்ததில் ஒன்று தெளிவாகிவிட்டது. நான் கேட்க முடியாது. வீடு அவளுடையது.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணத்துக்கு வீட்டைக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேருவான். என் வாப்பா என் உம்மா வீட்டுக்கு வந்தார். அந்த வீடு என் தங்கை ஆமினாவுக்குப் போனது. நான் மர்யம் வீட்டுக்கு வந்தேன். எங்களுக்குப் பெண்பிள்ளை இல்லை. இரண்டும் பையன்கள். ஹமீது சென்னையில் மாமியார் வீட்டு மாடியில், சின்னவன் ஹாங்காங்கில். ஆக இந்த வீட்டை வாங்கிக்கொள்ள ஒருத்தி இல்லை. சரி, அதற்காக விற்றுவிடுவதா?

நான் இத்தனை வருஷமும் ஒன்றுக்கும் வாய் திறந்ததில்லை. ஓடு மாற்றும்போது கேட்டாள், "ஒன் வீடு, ஒன் இஷ்டம்" என்றேன். கிணற்றை மூடும்போது கேட்டாள், அதையே சொன்னேன். மரியாதை தெரிந்த மாப்பிள்ளை அப்படித்தான் சொல்வான். இப்போது மட்டும் அவள் ஏன் என்னைக் கேட்கவில்லை?

ஜனவரி 14, செவ்வாய்

தரகர் மீராசா ஒரு புருஷன் பெண்டாட்டியைக் கூட்டி வந்தார். சென்னை ஆட்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவார்களாம். அந்தப் பெண் தூணைத் தூணைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டாள். "சோ ஸ்வீட், சோ ஸ்வீட்" என்று என் ஈஸிசேரைக் கூட விடவில்லை. நான் அதில் உட்கார்ந்திருந்தேன்.

முற்றத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே உள்பக்கமிருந்து வழக்கமான குரல் வந்தது.

"ஆம்பளையாளு இருக்காங்களா?"

மர்யம் "கொஞ்சம் பொறுங்க" என்று கத்தினாள். சென்னைக்காரன் விழித்தான்.

இதை விளக்கி எழுதவேண்டும், இல்லாவிட்டால் என் கோபம் யாருக்கும் புரியாது. எங்கள் தெருக்களுக்குப் பின்னால் முடுக்கு என்று ஒரு சந்து ஓடும். பெண்கள் மட்டும் நடக்கிற சந்து. ஆண்கள் அந்தப் பக்கம் போகமாட்டோம். பெண்கள் தாங்கள் தொழுகிற தைக்காவுக்கோ மதரஸாவுக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ போவது அந்த வழியில்தான். எங்கள் வரிசையில் உள்ள வீடுகளுக்கெல்லாம் உள்ளுக்குள்ளேயே கதவு இருக்கிறது. அடுத்த வீட்டு பல்கீஸ் வீட்டுக்கதவு எங்கள் முற்றத்தில் திறக்கும். அவள் பக்கத்து வீடுகளுக்கு முடுக்கில் வாசல் இல்லை, எங்கள் பின்வாசல்தான் முடுக்கில் திறக்கும். ஆக அந்த வரிசைப் பெண்கள் அத்தனை பேருக்கும் எங்கள் முற்றம்தான் பெரிய ரோடு. வருகிறவள் "ஆம்பளையாளு இருக்காங்களா?" என்று குரல் கொடுப்பாள். நான் எழுந்து தெருப்பக்கத்து முன்கட்டுக்குப் போய்விட வேண்டும். சோறு தின்னும்போது எழுந்திருக்கிறேன். பாதி சவரத்தில் சோப்புமுகத்தோடு எழுந்திருக்கிறேன். நாற்பது வருஷமாக நான் வாழ்ந்தது வீட்டில் இல்லை, முன்கட்டு அறையில்.

சென்னைக்காரன் கேட்டான், "இந்தப் பின்வாசலை அடைச்சுட்டு அங்க பாத்ரூம் கட்டிக்கலாம்ல?"

"வீடு விக்கிறதுக்கில்ல" என்றாள் மர்யம்.

"மேடம், விளம்பரத்துல..."

"ஒங்களுக்கு விக்கிறதுக்கில்ல."

மீராசா முகம் செத்துப்போனது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை, நான் இன்னும் பேசாமல்தான் இருக்கிறேன். வீடெல்லாம் தைல நாற்றம். யாருக்கு என்ன வலியோ, யார் சொல்கிறார்கள் இங்கே?

ஜனவரி 15, புதன்

பேசவில்லை. சீலா மீன் வாங்கி வந்து அடுப்படி வாசலில் வைத்துவிட்டு வந்தேன். குழம்பு நன்றாக இருந்தது. அதையும் சொல்லவில்லை.

ஜனவரி 18, சனி

ஹமீது போன் செய்தான். "வாப்பா, நீங்க இங்க வந்துடுங்க. பால்கனி ரூம் இருக்கு."

"ஒங்க உம்மா?"

"உம்மா ஹாஜரா சாச்சி வீட்டுல இருந்துக்கறேன்னாங்க. சென்னை அவங்களுக்கு ஒத்துவராதாம்."

நன்றாக இருக்கிறது! ஹாஜரா அவள் தங்கை. முடுக்கில் நாலு வாசல் தள்ளி வீடு. அங்கே முன்கட்டில் ஹாஜராவின் மருமகன் இருக்கிறான், எனக்கு இடமேது? ஆக அவள் இங்கே, நான் சென்னையில், யார் வீட்டு மாடியிலோ, மகனுடைய மாமனாருக்கு சலாம் சொல்லிக்கொண்டு. இதையெல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். என்னிடம் சொல்வது மட்டும்தான் பாக்கி.

நான் பிறந்த வீட்டுக்கு ஒரு நடை போனேன். கேட்பதற்காக இல்லை, சும்மா பார்த்து வர. ஆமினா கடல்பாசி கொடுத்தாள், "காக்கா, மெலிஞ்சிட்டீங்களே" என்றாள். முன்கட்டில் வாப்பா உட்கார்ந்த இடத்தில் அவள் மருமகன் இல்யாஸ் காலை நீட்டி கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். நல்ல பையன். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முன்கட்டு, ஒவ்வொரு முன்கட்டிலும் ஒரு மாப்பிள்ளை. இந்த ஊரில் எனக்குக் காலியாக ஒரு முன்கட்டும் இல்லை.

எல்லாம் நடந்தே போகும் தூரம்தான். போய் என்ன செய்ய?

ஜனவரி 23, வியாழன்

இந்த பல்கீஸுக்கு அவள் வீட்டில் வேலை கிடையாதா? விடியக்காலை ஸுபுஹு பாங்குக்கு முன்னாலேயே வந்து நிற்கிறாள். இரண்டு பேரும் பின்வாசலில் "தூக்கு, தூக்கு, அந்தப் பக்கம் பிடி" என்று என்னவோ செய்கிறார்கள். தடால் என்று ஒரு சத்தம். தூக்கம் போச்சு. முன்பெல்லாம் மர்யம் சத்தமே இல்லாமல் கதவைத் திறப்பாள். வீட்டை விற்கத் துணிந்தவளுக்கு இனி என் தூக்கம் எதற்கு?

ஜனவரி 27, திங்கள்

இரண்டாவது ஆள். நம்ம ஊர்க்காரர், ஹாங்காங்கில் பெரிய வியாபாரம். கதவை அடைக்க மாட்டாராம், கூரை ஓட்டைக்கூட மாற்ற மாட்டாராம், எல்லாம் இருந்தபடியே இருக்கட்டும் என்றார். மீராசா மர்யமைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

உள்ளிருந்து மர்யம் கேட்டாள், "எப்போ குடி வருவீங்க?"

"குடி வர்றதாவது! வருஷத்துக்கு ரெண்டு தடவை பெருநாளைக்கு வருவோம். மத்த நாள் பூட்டித்தான் கிடக்கும்."

"அப்போ வேணாம்."

நான் முன்கட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். மீராசா வெளியே வந்து என்னிடம் பொரிந்தார். "காக்கா, அவங்களுக்கு வீட்டை விக்கணுமா, வாட்ச்மேனைத் தேடணுமா?"

"அவ வீடு, அவ இஷ்டம்" என்றேன். மனிதர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

ஜனவரி 31, வெள்ளி

ஜும்ஆ முடிந்து களறி விருந்து ஒன்று இருந்தது. சேர்ந்து சாப்பிடும் சஹன் தட்டில் எனக்கு எதிரே உட்கார்ந்தவன் கேட்கிறான், "வீட்டை விக்கிறீங்களாமே, எங்க போகப்போறீங்க?" ஊரே கேட்கிறது. கேட்கவேண்டியவள் கேட்கவில்லை.

திரும்பி வந்தால் மறுபடி இடது கை. தண்ணீர்ச் செம்பு.

"வலது கை எங்க போச்சு?" என்றேன்.

"வேலையா இருக்கு" என்று உள்ளே போய்விட்டாள்.

பிப்ரவரி 3, திங்கள்

இன்று நான் செய்ததை எழுதுகிறேன். எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

மர்யம் அஸருக்குப் பிறகு முடுக்கு வழியாக ஹாஜரா வீட்டுக்குப் போனாள். போகும்போது பல்கீஸிடம் சொல்வது காதில் விழுந்தது: "அவருக்கென்ன, சென்னைல மகன் இருக்கான்." அவருக்கென்னவாம்!

எழுந்தேன். முற்றத்துக்குப் போனேன். பல்கீஸ் வீட்டு உள்கதவுக்குத் தாழ் போட்டேன். பின்வாசல் கதவைச் சாத்தி, சுவரில் சாய்த்திருந்த குறுக்குக்கட்டையைத் தூக்கிக் கொண்டியில் போட்டேன். கட்டை கனமாகத்தான் இருந்தது, கோபத்தில் தெரியவில்லை. பிறகு முற்றத்தின் நடுவில் ஈஸிசேரைப் போட்டு, சட்டையைக் கழற்றிவிட்டு, சாய்ந்து உட்கார்ந்தேன். பட்டப்பகலில்! நாற்பது வருஷத்தில் முதல் தடவை. மேலே வானம் இருந்தது. எவளும் "ஆம்பளையாளு இருக்காங்களா" என்று கேட்கவில்லை. இருந்தேன், நான் மட்டும்தான் இருந்தேன்.

கதவைத் தட்டினார்கள், கூப்பிட்டார்கள், போய்விட்டார்கள். பொழுது சாய்ந்து, மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் தெருவாசலில் தட்டுகிற சத்தம். சட்டையைப் போட்டுக்கொண்டு போய்த் திறந்தேன். மர்யம் நிற்கிறாள். முழு புர்காவில், தெருவில் சுற்றி வந்து, மூச்சு வாங்க. தெருவாசல் வழியாக அவள் தனியாக வந்து நான் பார்த்ததே இல்லை. அவள் தன் வீட்டு வாசலில் நின்று என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"அஸ்ஸலாமு அலைக்கும். ஆம்பளையாளு இருக்காங்களா?"

எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது. "இருக்கேன்டி! ஒருத்தன் இருக்கேன்னு இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். டாக்டராவது மண்ணாங்கட்டியாவது.

அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். "கத்தி முடிச்சாச்சா?"

"இல்ல. நீ தங்கச்சி வீட்டுக்குப் போற. வீட்டை எவனுக்கோ குடுக்குற. நான் எங்கே போறது?"

"இதக் கேக்க ஒங்களுக்கு இத்தனை நாளா?"

"நீ ஏன் கேக்கல?"

"என்னத்தக் கேக்க? ஒன் வீடு, ஒன் இஷ்டம்னு நாப்பது வருஷமாச் சொன்னது யாரு? ஓடு மாத்தக் கேட்டேன். கிணத்த மூடக் கேட்டேன். புள்ளைக்குப் பேரு வைக்கக் கேட்டேன், அதுக்கும் ஒன் புள்ள ஒன் இஷ்டம்னீங்க. ஒரு சுவத்துட்ட எத்தன தடவ கேக்குறது? நான் எடுத்துக்கிட்டேன், என் இஷ்டம்தான்னு."

நான் சுவராம். மரியாதைக்கு இவள் வைத்த பெயர் சுவர்!

அவள் இரண்டு சேலையை இடது கையாலேயே பையில் திணித்தாள். "நான் ஹாஜரா வீட்டுல இருக்கேன். கட்டையப் போட்டது நீங்க. நீங்களே எடுங்க, எடுக்கணும்னு தோணினா." தெருவழியாகவே போய்விட்டாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

யாரும் வரவில்லை. கதவு அப்படியே இருக்கிறது. தெருவாசலில் ஒரு தூக்குச்சட்டி வைத்திருந்தார்கள், ஹாஜரா வீட்டுச் சாப்பாடு. தின்றேன். பசிக்கிறதே, என்ன செய்ய.

பிப்ரவரி 5, புதன்

அமைதியான சூழல். விளம்பரம் போட்டவன் வந்து பார்த்துக்கொள்ளட்டும். முற்றத்தில் காக்கை நடக்கிற சத்தம் கேட்கிறது. பேப்பரை விளம்பரம் வரைக்கும் படித்துவிட்டேன். பாதிச் சோற்றில் எழுந்து போக வேண்டியதில்லை, முழுச் சோறும் இறங்கவில்லை.

தெருவில் பெண்கள் போகிறார்கள். மோட்டார் பைக் போகிற தெருவில், ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி, சுற்றிக்கொண்டு தைக்காவுக்கு. பல்கீஸின் மாமியார் என் ஜன்னலைத் தாண்டும்போது ஒரு நிமிஷம் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். என்னைத் திட்டவில்லை. திட்டினால் பதில் சொல்லியிருப்பேன்.

பிப்ரவரி 6, வியாழன்

ஹமீது மறுபடி போன்.

"வாப்பா, உம்மாவுக்குத் தோள் எப்படி இருக்கு? நான் கேட்டா ஒழுங்கா சொல்ல மாட்டேங்கறாங்க."

"என்ன தோள்?"

"ரெண்டு மாசமா வலது கையத் தூக்கவே முடியலியே. தூத்துக்குடி டாக்டர் கனமா எதையும் தூக்கக் கூடாதுன்னுட்டாரே, ஒங்ககிட்ட சொல்லலியா? அந்தப் பின்வாசக் கட்டையத் தூக்க முடியலன்னுதான் வீட்டையே விக்கச் சொன்னாங்க. பல்கீஸ் மாமிய எத்தன நாள் கூப்பிடறதுன்னாங்க. தினமும் கதவத் திறக்கிற ஆளுக்குக் குடுத்துட்டா நிம்மதின்னாங்க."

"நான் ஒருத்தன் இங்க கல்லு மாதிரி உக்காந்திருக்கேனே. எங்கிட்ட சொன்னா தூக்க மாட்டேனா?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'வீட்டு மாப்பிள்ளையப் போயி விடியக்காலைல கதவு திறங்கன்னு எந்த வாயால சொல்றது'ன்னாங்க."

போனை வைத்துவிட்டேன்.

பத்து மனிதர்களுக்கு முன்னால் என்னைச் சுவர் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. வலி என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லக்கூட மரியாதை தடுக்குமா? தடுக்கும். நான்தானே அந்த மரியாதையைத் தோளில் துண்டு மாதிரி போட்டுக்கொண்டு திரிந்தேன்.

டீயைப் பற்றி இங்கே எதுவும் எழுதப் போவதில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

ஸுபுஹு பாங்குக்கு முன்னால் எழுந்தேன். யாருக்காகவும் இல்லை, தூக்கம் வரவில்லை.

உள்கதவுத் தாழை நீக்கிவிட்டுப் பின்வாசலுக்குப் போனேன். கட்டையை ஒரு பக்கம் தூக்கினால் மறு பக்கம் கொண்டியில் சிக்குகிறது. இரண்டு கையாலும் அணைத்து, முட்டியை மடக்கி, யா அல்லாஹ் என்று நெஞ்சோடு எடுத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. இதை ஒருத்தி தினமும், என் தூக்கம் கெடாமல், தூக்கி வைத்திருக்கிறாள். எனக்கு அந்தக் கட்டையை அங்கேயே போட்டு உடைக்க வேண்டும் போல் இருந்தது.

கதவு திறந்துகொண்டது. முடுக்கை முதல்முறையாகப் பார்த்தேன். குறுகலான சந்து, பெருக்கித் தண்ணீர் தெளித்த மணல், இரண்டு பக்கமும் வாசல்கள். நாலாவது வாசலில் விளக்கு எரிகிறது. அவ்வளவு பக்கமா அது? தெருவழியாக மர்யம் மூச்சு வாங்கச் சுற்றி வந்தது இந்த நாலு வாசலுக்காகவா?

பார்த்துக்கொண்டு நிற்கும்போதே பின்னால் பல்கீஸ் வீட்டுக் கதவு கிரீச் என்றது. தைக்காவுக்குப் போகிற கூட்டம். ஒரு குரல் சந்தேகமாகக் கேட்டது:

"ஆம்பளையாளு இருக்காங்களா?"

முன்கட்டுக்குப் போக வேண்டுமென்றால் அவர்களைத் தாண்டிப் போகவேண்டும். வெளியே போனால் முடுக்கு. கையில் கட்டை வேறு. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு கத்தினேன்:

"இல்ல! யாரும் இல்ல! போங்க!"

முதலில் ஒருத்தி சிரித்தாள், அப்புறம் அத்தனை பேரும். என் முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தமும் சிரிப்புமாகப் போனார்கள். பல்கீஸின் மாமியார், "யாரும் இல்லாத வீட்டுக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்" என்று சொல்லிக்கொண்டே போனாள். திமிரைப் பாருங்கள்.

கடைசியாக ஒரு செருப்புச் சத்தம் எதிர்ப்பக்கமிருந்து வந்து வாசலில் நின்றது.

"கட்டையக் கீழ வைங்க. நான்தான்."

வைத்தேன். மர்யம் என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். நான் அவள் தோளைப் பார்த்தேன்.

"மீராசா இன்னிக்கு ஒரு ஆளக் கூட்டிட்டு வராராம்" என்றாள்.

"வரச் சொல்லாத. வெளம்பரத்தையும் எடுக்கச் சொல்லு."

"இது என் வீடு."

"தெரியும்."

"தினமும் திறக்கணும். பெருநாளைக்கு மட்டும் இல்ல. அதுக்கு ஆளு வேணும்."

"நான் இருக்கேன்ல?" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் வந்துவிட்டது.

அவள் அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் டீ வந்தது. இடது கையால்தான் நீட்டினாள். இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தேன். சர்க்கரை போதவில்லை.